கை மடங்காத துரை

ஜூன் 3, திங்கள்

இந்த டைரியில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று இதனால் உறுதி கூறுகிறேன். என் அக்கா நிச்சயம் நம்ப மாட்டாள். நான் அவளுடைய தம்பி என்பதையே அவள் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆகவே வருங்கால வரலாற்றாசிரியர்களை மட்டும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் என் பதவி. கடைவீதியிலேயே பெரிய துணிக்கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் நிற்கும் ஆளுயரப் பொம்மைகளுக்கு உடுத்திவிடுபவன் நான். என் கண்ணாடியைப் பார்த்தபடியே நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டவர்களின் நெற்றி வீக்கங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மலைத்தொடர் கிடைக்கும்.

அக்கா மகள் பள்ளியில் ஒப்பந்த ஆசிரியை. அவள் நடத்தும் வகுப்புக்குப் 'பார்வைப் பாடம்' என்று பெயர். சோப்பு உறை, விளம்பரம், கார்ட்டூன், பொம்மைப் பெட்டி என்று கண்ணில் படுவதையெல்லாம் பிள்ளைகள் முன்னால் வைத்து, இதில் சமைப்பது யார், வண்டி ஓட்டுவது யார், திருடன் என்ன நிறம் என்று கேட்பாள். அந்த ஒரு வகுப்புக்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். வகுப்பு இருந்தால் வேலை.

இன்று சாப்பிடும்போது, "மாமா, உங்க கடைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமா?" என்றாள்.

"தாராளமா! ஓரவஞ்சனை காலே வைக்க முடியாத இடம் உலகத்துல ஒண்ணு இருந்தா, அது என் கண்ணாடிதான்."

"வாயைத் திறந்துட்டான்," என்றாள் அக்கா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. பொறாமை.

ஜூன் 4, செவ்வாய்

முதலாளியிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. பள்ளி நிர்வாகக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். "பிள்ளைங்க வந்தா பின்னாலயே பெத்தவங்க வருவாங்கய்யா," என்றார். வியாபாரி.

ஜூன் 6, வியாழன்

வந்தார்கள். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகள். படையெடுப்பு என்றே எழுதலாம்.

என் பிரஜைகளை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தேன். ரோஜா நிறத்தில், கோட்டுப் போட்டு, கையைக் காற்சட்டைப் பையில் விட்டு நிற்பவர் துரை. அதே நிறத்தில், இடுப்பில் குழந்தைப் பொம்மையும் தோளில் பையுமாக நிற்பவர் மகாராணி. ஓரத்தில், சீருடைப் பகுதிக்குப் பக்கத்தில், காவலாளி உடுப்பில் நிற்கும் கறுத்த பொம்மை வாட்ச்மேன்.

ஒரு பெண் கையைத் தூக்கினாள். வந்ததிலிருந்து கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்ததால் அவளுக்குக் கேள்விக்குறி என்று மனதுக்குள் பட்டம் சூட்டியிருந்தேன்.

"அங்கிள், அவர் பேர் என்ன?"

"வாட்ச்மேன்."

"அது வேலை. பேரு?"

நான் சிரித்தேன். சிரிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது.

"கோட்டை அவருக்கு மாட்டவே மாட்டீங்களா?"

"இந்த உடுப்புதாம்மா அவருக்குப் பொருத்தம்."

"யாரு பொருத்தம்னு சொன்னாங்க?"

கண்ணாடியில் அவள் முகமும் அந்தப் பொம்மையின் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. இரண்டும் ஒரே நிறம். நான் விற்பனைப் பகுதியைக் காட்டப் போய்விட்டேன். என் வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடினேன் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகள் அதோடு விட்டார்களா? பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதி, கடைக்குள் நின்றே வாசித்தார்கள். துரை ஏன் பிள்ளையைத் தூக்குவதில்லை, மகாராணி ஏன் வேலைக்குப் போவதில்லை என்று வாடிக்கையாளர்கள் காதுபட. முதலாளியின் முகம் போன போக்கில் கடையின் குளிர்சாதனம் வேலையை நிறுத்திக்கொண்டது.

ஜூன் 7, வெள்ளி

முதலாளி கூப்பிட்டார்.

"யோவ், என் கடையில வந்து என்னையே கூண்டுல ஏத்துறாங்க, நீ பல்லைக் காட்டிட்டு நிக்கிற!"

"சின்னப் பிள்ளைங்க முதலாளி…"

"இதையா பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுக்கிறாங்க? இருபத்தொண்ணாம் தேதி கமிட்டி இருக்கு. அந்த வகுப்பை மூடச் சொல்லி நானே கை தூக்குறேன்."

அக்கா மகளின் சோறு என் வாயால் போகப் பார்க்கிறது என்று புரிந்ததும் அதே வாயைத் திரும்பவும் திறந்தேன். "முதலாளி, பிள்ளைங்க சொன்ன மாதிரியே கண்ணாடியை மாத்திப் பார்ப்போம். வியாபாரம் படுத்தா அப்புறம் கை தூக்குங்க."

அவர் நாள்காட்டியைப் புரட்டினார். "கமிட்டி வரைக்கும்தான். படுத்துதுன்னா அந்த வகுப்பு இல்லை. ஞாபகம் வச்சுக்க."

வீட்டில் சொன்னேன். அக்கா மகள் கத்தவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா," என்றாள். கத்தியிருக்கலாம்.

ஜூன் 10, திங்கள்

காலையில் கடை திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். திட்டம் எளிது. துரையிடம் குழந்தை. மகாராணிக்கு மெக்கானிக் உடுப்பும் பூட்ஸும். வாட்ச்மேனுக்கு இருப்பதிலேயே நல்ல கோட்டு. ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன் என்று மார்தட்டினேன்.

மகாராணிக்குப் பூட்ஸ் ஏறவில்லை. அவள் பாதம் எப்போதும் நுனிக்காலில் நிற்பது. குதிகால் உயர்ந்த செருப்புக்கென்றே வார்த்த பாதம். பூட்ஸைத் திணித்து நிறுத்தினால் முகம் குப்புற விழுகிறாள்.

துரையின் கை மடங்கவில்லை. தோளில் திருகினால் சுற்றும், கழற்றினால் தனியாக வரும். ஆனால் முழங்கையில் ஒரே விறைப்பு. பையில் விடவும் இடுப்பில் ஊன்றவும் மட்டுமே தெரிந்த கை. பெண் பொம்மைகளின் கையைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பையும் பிள்ளையும் மாட்ட வசதியாக மடக்கியே வார்த்திருக்கிறார்கள்.

தலை நரைக்கிற வரைக்கும் தினமும் இந்தக் கைகளுக்குச் சட்டை நுழைத்தவன் நான். சட்டை நுழைகிறதா என்று பார்த்தேனே தவிர, கையைப் பார்த்தேனா?

"மாமா, இது அச்சுலயே இருக்கு," என்றாள் அக்கா மகள். பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் திருகிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அவள் வகுப்பே நடத்தவில்லை, ஓரமாக நின்றாள். ஆனாலும் அதுதான் வகுப்பு போல.

வாட்ச்மேனுக்குக் கோட்டு கச்சிதம். தலைதான் குனிந்தே வந்திருக்கிறது. கேள்விக்குறி ஓர் அட்டையை மடித்துத் தந்தாள். கழுத்துக்கு அடியில் செருகினேன். தலை நிமிர்ந்தது.

"இப்பதான் நம்மளைப் பார்க்கிறார்," என்றாள்.

மகாராணியைக் கடைசியில் ஒரு பெட்டிமேல் உட்கார வைத்துக் கையில் திருகுசாவி கொடுத்தோம். துரையின் கையோடு குழந்தையைக் கம்பியால் கட்டினோம். கட்டு இமயத்தையே தாங்கும் என்று எல்லோருக்கும் உறுதி சொன்னேன்.

ஜூன் 11, செவ்வாய்

போக்குவரத்து ஸ்தம்பித்தது, வானத்தில் பறந்த விமானம்கூட வேகத்தைக் குறைத்தது. (ஒரு சைக்கிள்காரர் நின்றார். சிரித்தார். போய்விட்டார்.)

ஜூன் 13, வியாழன்

குழந்தை விழுந்தது.

சும்மா விழவில்லை. ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து முதலாளி முகப்பைக் காட்டிக்கொண்டிருந்தபோது, துரையின் விறைத்த கையிலிருந்து வழுக்கி, தலைகீழாக வந்து, கண்ணாடியில் டங்கென்று மோதி விழுந்தது. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் அடுத்த தெருவில் தூங்கிய நாய்கள் எழுந்து நின்றன. அவர்கள் எதுவும் வாங்காமலே போய்விட்டார்கள்.

"ஆம்பளை கையில பிள்ளையைக் கொடுத்தா இப்படித்தான்!" என்றார் முதலாளி.

ஜூன் 14, வெள்ளி

இன்று தமாஷ் வரவில்லை.

அக்கா மகள் வேறு பள்ளிகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் தாளைப் புரட்டி வைத்தாள். அக்கா சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தா பரவாயில்ல. நான் ஏன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கல? கடைக்கு வாங்கன்னு கூப்பிட்டது யாரு, பந்தயம் கட்டினது யாரு? அந்தப் பிள்ளை ராத்திரி பகலா ஒட்டிச் சேர்த்த வகுப்பு. நான் ஒரு கம்பிக் கட்டுல கொண்டுபோய்த் தொங்க விட்டுட்டேன்.

ஜூன் 15, சனி

நடுப்பகலில் ஓர் ஆள் கைக்குழந்தையோடு கண்ணாடிக்கு வெளியே, நான் மறுபடியும் கம்பியால் கட்டிவைத்த குழந்தையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்தார். பேருந்து ஓட்டுநராம்.

"யாருங்க அந்தப் பொம்மைக்குப் பிள்ளையைக் கட்டினது?"

"அடியேன்."

"இப்படித் தூக்குனா விழாம என்ன செய்யும்? எனக்கே ஆரம்பத்துல கை இப்படித்தான் கட்டை மாதிரி இருந்துச்சு." கூச்சமில்லாமல் சிரித்தார். "துணியால நெஞ்சோட சேர்த்துக் கட்டுங்க. நான் வீட்டுல அப்படித்தான் கட்டிக்கிட்டு வேலை பார்க்கிறேன்."

நீளமான துணி ஒன்றை எடுத்து, தன் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, துரைக்கு அவரே கட்டிக் காட்டினார். அதற்குள் அவருடைய பிள்ளை என் சட்டையை நனைத்துவிட்டது. துரையின் மார்பில் குழந்தை கெட்டியாக நின்றது. கை பையிலேயே இருந்தது. இனி அதற்கு வேலை இல்லை.

ஜூன் 19, புதன்

வியாபாரம் குறையவுமில்லை, கூடவுமில்லை. முதலாளிக்கு இதுதான் தாங்கவில்லை. திட்டவும் முடியாமல் பாராட்டவும் முடியாமல் முகப்புக்குள் நுழைந்து துரையின் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மடங்கவே மாட்டேங்குதேய்யா!"

"ஃபேக்டரியில அப்படித்தான் வார்க்கிறாங்க முதலாளி. எல்லாத் துரைக்கும்."

"அப்போ இது என் தப்பு இல்ல."

"கை மட்டும் நம்ம தப்பு இல்ல, மத்ததெல்லாம்…"

அவர் கண்ணில் புது வெளிச்சம் வந்தது. வாக்கியத்தின் இரண்டாம் பாதி அவர் காதில் விழவில்லை.

ஜூன் 21, வெள்ளி

"அந்தக் கையையும் காலையும் கழட்டிக்கிட்டுக் கமிட்டிக்கு வந்துடு," என்று முதலாளி உத்தரவு. ஆகவே ஓர் அக்குளில் துரையின் கை, இன்னொன்றில் மகாராணியின் கால் என்று பேருந்து ஏறினேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இறங்கும்போது நடத்துநர் எனக்கு வழிவிட்ட வேகத்தை எந்த மன்னனும் கண்டிருக்க மாட்டான்.

அக்கா மகள் மேசையின் கடைசியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். முதலாளி எழுந்து துரையின் கையால் மேசையைத் தட்டினார்.

"என் கடைமேல பழி போட்டாங்க. இதோ கை! மடக்குங்க பார்ப்போம்! தப்பு ஃபேக்டரிக்காரன்மேல. பிள்ளைங்க அவனுக்கு எழுதட்டும். வகுப்பு இருக்கணும்!"

மேசைக்கு அப்பால் கமிட்டியிலிருந்த டாக்டரம்மா கையை வாங்கிப் பார்த்தார். பிறகு அதன் விரலாலேயே என்னைச் சுட்டினார். "சரி. கறுத்த பொம்மைக்குச் சீருடை மாட்டி ஓரத்துல நிறுத்தினது யாரு? அதுவும் ஃபேக்டரியா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அக்கா மகள் பார்க்கவில்லை.

பெரிய பதில்கள் நிறைய இருந்தன. வந்தது ஒரு வார்த்தை. "பழக்கம்."

"யார் பழக்கினாங்க?"

"தெரியலைங்க. யோசிச்சதே இல்ல."

டாக்டரம்மா கையை மேசையில் வைத்தார். "யோசிக்க வைக்கிற வகுப்பைத்தானே மூடப் பார்த்தோம்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. வகுப்புக்கு எதிராக எந்தக் கையும் எழவில்லை.

திரும்பும்போது மகாராணியின் கால் அக்கா மகளின் மடியில். "மாமா, இனிமே எனக்காகப் பந்தயம் கட்டாதீங்க."

"அம்மாடி, சத்தியமா."

"உங்க சத்தியம் எனக்குத் தெரியாதா?"

ஆனால் சிரித்தாள்.

அக்டோபர் 14, திங்கள்

கண்ணாடிக்கு வெளியே அக்கா மகள் புது வகுப்புப் பிள்ளைகளோடு நிற்கிறாள். முதலாளி வாசலில் நின்று ஃபேக்டரிக்காரனைத் திட்டுவது எப்படி என்று அவர்களுக்கு வகுப்பெடுக்கிறார். ஃபேக்டரியிலிருந்து பதில் இன்னும் வரவில்லை.

காலையில் புதுக் கோட்டு ஒன்று வந்தது, கடையிலேயே விலை உயர்ந்தது. உறையைப் பிரித்து நேராக ஓரத்துக்கு, பழைய வாட்ச்மேனிடம் போய், "கொஞ்சம் திரும்புங்க மாப்பிள்ளை," என்று சொல்லி மாட்டிவிட்டேன். பொத்தான் போடும்போதுதான் கவனித்தேன்: யாருக்கு என்று நான் யோசிக்கவே இல்லை. கழுத்தில் செருகிய அட்டை நைந்திருந்தது. வேறு அட்டை மடித்து வைத்தேன்.

வரலாற்றாசிரியர்களே, மலைத்தொடர் பொய். விமானம் பொய். குளிர்சாதனம், நாய்கள், அந்த நடத்துநர், எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். மாப்பிள்ளை என்று கூப்பிட்டேன் பாருங்கள், அது மட்டும் நிஜம்.