உப்பு பார்த்த நாக்கு

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

மகன் வீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். நான் இங்கே மீனோடு மல்லுக்கட்டுகிறேன். கட்லெட் கலவைக்கு உப்பு பார்ப்பது இப்போது என் தலையில். நீங்கள் செய்வதுபோலவே, அரைத்த ஏரி மீனில் விரலைத் தொட்டு நாக்கில் வைக்கிறேன். இந்தச் சமையல்கூடம் நம் இருவருக்கும் சரிபாதி. பங்காளி இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறலாமா?

அன்று நான் கேட்டது இன்னும் உறுத்துகிறதோ? நாம் கட்லெட் அனுப்பும் தொழிற்சாலை கேண்டீனிலிருந்து இரண்டு தடவை தட்டு திரும்பி வந்தது. ஒரு தடவை உப்பே இல்லை, அடுத்த தடவை வாயில் வைக்க முடியவில்லை. "உங்க நாக்கு செத்துப் போச்சா அண்ணி?" என்று கேட்டேன். வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். இருந்தால் என்ன, கேட்டதில் என்ன தப்பு?

கோபம் ஆறியதும் வாருங்கள்.

இப்படிக்கு,
வாயாடி நாத்தனார்


மார்ச் 19

வாயாடிக்கு,

மகாராணிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாக்கு சிவந்து வழவழவென்று ஆகிவிட்டது, எதைத் தின்றாலும் எரிகிறது. விரல் நுனியும் உள்ளங்காலும் மரத்துக் கிடக்கின்றன. மருமகள்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் குறைவு, பி12 என்ற சத்து அடிமட்டத்தில். மலப் பரிசோதனையில் முட்டைகள் தெரிந்தன. மீனிலிருந்து வரும் நாடாப்புழுவாம். குடலில் ஒட்டிக்கொண்டு, எனக்குச் சேர வேண்டிய சத்தை அது உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. நாக்குக்கு உப்பு தெரியாமல் போனதும் அதனால்தானாம்.

"பச்சை மீன் சாப்பிடுவீங்களா?" என்றார் டாக்டர். "சீ, நாங்க என்ன பூனையா?" என்றேன். "அத்தை, உப்பு பார்ப்பீங்களே!" என்றாள் மருமகள்.

மாத்திரை கொடுத்தார்கள், ஊசியும் போடுகிறார்கள். வெளியே வந்ததைப் பற்றி எழுத மாட்டேன், நீ சாப்பிட்டுக்கொண்டே கடிதம் படிக்கிறவள். ஆளுக்கு ஆள் ஒட்டாதாம். அதைக் கேட்ட பிறகுதான் பேரனைத் தூக்கினேன்.

இன்று முதல் பச்சைக் கலவையில் வாய் வைக்காதே. கொஞ்சம் எடுத்து உள்ளே வேகும்வரை பொரித்து, அப்புறம் பார். நீயும் பரிசோதனை செய்துகொள். கெஞ்சவில்லை, உத்தரவு.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

எனக்கும் இருக்கிறது.

ஒரு வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று டாக்டரிடம் சவடால் அடித்தேன். பலருக்கு இப்படித் தெரியாமலே இருக்குமாம். உங்களுக்குத் தெரியாமல் நானும் முன்பே கலவையைத் தொட்டுத் தின்றதுண்டு. மாத்திரை விழுங்கியாயிற்று. வேலை செய்யும் பெண்களையும் பரிசோதனைக்கு அனுப்பினேன், யாருக்கும் ஒன்றுமில்லை. பச்சையில் வாய் வைத்தால் அன்றைக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரே மீன், ஒரே கலவை. நான் குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டு, மூச்சு வாங்கிய உங்களைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கிறேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வந்துவிடுங்கள் அண்ணி.

நாத்தனார்


ஏப்ரல் 20

வாயாடிக்கு,

நாக்கு தேறிவிட்டது. நேற்று மருமகளின் குழம்பில் உப்பு ஒரு கல் கூட என்று சொல்லி முறைப்பு வாங்கிக்கொண்டேன். விரல்கள்தான் இன்னும் சரியாகவில்லை. மாதக்கணக்கில் ஆகலாம், கொஞ்சம் மரமரப்பு அப்படியே தங்கிவிடவும் கூடும் என்கிறார் டாக்டர். மீனில் முள் தடவிப் பார்க்க இந்த விரலை இனி நம்ப முடியாது. முள் உன் பொறுப்பு. பொரித்ததில் உப்பு நான் பார்க்கிறேன்.

நீ அன்று கேட்டபோது நான் ஏன் வாய் திறக்கவில்லை தெரியுமா? அது உண்மை என்று நம்பிவிட்டேன். வயசாகிவிட்டது, இனி நான் எதற்கும் லாயக்கில்லை என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். அதற்கு எந்தப் புழுவும் காரணமில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். எல்லார் முன்னாலும் கேட்டாய், எல்லார் முன்னாலும் "தப்பு" என்று சொல். சொன்ன பிறகுதான் சமையல்கூடத்துக்குள் காலை வைப்பேன்.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணி,

சமையல்கூடம் வரை எதற்கு? பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கே வருகிறேன். நீங்கள் இறங்குவதற்குள் சொல்லிவிடுவேன். டிரைவரும் கேட்கட்டும்.

உங்கள் நாத்தனார்