சத்தமில்லாமல் பிடித்த கொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? அப்பா மாத்திரை போடுகிறாரா, ஏமாற்றுகிறாரா?

போன வாரம் ஒற்றுமை வளர்க்கிறோம் என்று கம்பெனி எங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனது. போனதும் ஆபீஸ்காரர்கள் ஓர் அணி, மெஷின் ஓட்டும் நாங்கள் ஓர் அணி என்று பிரித்துவிட்டார்கள். இதுதான் அவர்கள் ஒற்றுமை! எதிரணியின் கொடியைப் பிடுங்கி வரவேண்டும். அவர்கள் கத்திக் கத்திப் போட்ட திட்டம் என் காதுக்கே கேட்டது. நாங்கள் வாயே திறக்கவில்லை. மெஷின் இரைச்சலில் பேச்சு கேட்காததால் எங்களுக்கு எப்போதும் கைஜாடைதான். பத்து நிமிடத்தில் கொடி எங்கள் கையில்.

"இதை எங்கய்யா கத்துக்கிட்டீங்க?" என்றார் மேனேஜர்.

"உங்க ஷெட்லதான் சார். காதுக்குக் கவசம் கேட்டு ஆறு மாசமா மனு குடுக்கிறோமே, எப்ப படிப்பீங்க?" என்றேன், எல்லார் முன்னாலும்.

வேலை போச்சு என்றே நினைத்தேன். திங்கட்கிழமை எல்லாருக்கும் கவசம் வந்துவிட்டது.

போனில் சிக்னல் சரியில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். காது கொஞ்சம் மந்தம். இனி மோசமாகாது என்கிறார் டாக்டர், பயப்படாதே. ஆனால் கடிதம் எழுது. நம் வீட்டில் காலையிலிருந்து என்னென்ன சத்தம் கேட்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுது.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடுகிறேன்.

உன் சின்னவன்