ஒரு சாண் குறைந்த நாண்

நசரத்பேட்டை
ஈஸ்வர வருஷம், வைகாசி மாதம்

அதனால் நீ அவசரப்பட்டுக் கப்பல் ஏற வேண்டாம் எத்திராஜு, அதைத்தான் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நலம் விசாரிக்கிற முறையையும் விடக்கூடாது. இங்கே நானும் எருமையும் கன்றும் திரௌபதியம்மன் காத்த மட்டில் இருக்கிறோம், ரங்கூனில் நீயும் வரலட்சுமியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால் போதும் எனக்கு. பெரியப்பா காரியம் முடிந்ததும் நீ எழுதியிருந்தாய், ஆடியில் வருகிறேன், நாண் முறையை இனி நான் எடுத்துக்கொள்கிறேன் பெரியம்மா என்று. அந்த முறை இப்போது நம்ம வீட்டில் இல்லை நைனா. திருவிழாவோடு போய்விட்டது.

வரலட்சுமிக்கு நம்ம ஊர் வழக்கம் தெரியாது, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டு. சித்திரையில் அம்மன் கல்யாணத்தன்று அர்ச்சுனன் வேஷக்காரன் வில்லை வளைத்து நாண் பூட்டி, கம்பத்தில் சுற்றுகிற மர மீனை அடித்த பிறகுதான் அம்மனுக்குத் தாலி ஏறும். அந்த மூங்கில் வில்லும் நாணும் உன் பெரியப்பாவின் தாத்தா காலத்திலிருந்து நம்ம வீட்டிலிருந்துதான் போகும். வில் எல்லாரும் சீவிவிடலாம், நாண் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பார் பெரியப்பா. "சணலு சொல்லாம கொள்ளாம அறுந்துடும், பருத்தி ராத்திரி பனி பட்டா தொங்கிப்பூடும், ஆட்டு நரம்பு நல்லாத்தான் இழுக்கும், ஆனா அம்மன் மடில வெக்கிற வில்லுக்கு உசிரு போன சாமான் இன்னாத்துக்கு, மருள் நாருதான் மூங்கிலு சொல்றத கேக்கும்" என்று ஒவ்வொரு வருஷமும் புதுசாகச் சொல்கிற மாதிரி சொல்வார், நானும் புதுசாகக் கேட்கிற மாதிரி கேட்பேன். இந்த மாசியிலும் விரதம் இருந்து, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய் மருள் கற்றாழை அறுத்து வந்து, ஊறப்போட்டு, பலகையில் வைத்து மழுங்கின கத்தியால் சுரண்டி, நாரை நிழலில் காயவைத்து அவரே திரித்தார். ரொம்பத் தடித்தால் வில் நுனியின் வெட்டில் உட்காராது, மெலிந்தால் வெட்டையே அறுத்துவிடும், அதனால் விரலில் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டே திரிப்பார். ஒரு முனையில் கண்ணி, மறு முனையில் கீழே சுற்றிக் கட்ட வால் விட்டு, வாலின் நுனி பிரியாமல் நூல் கட்டு போட்டு, மஞ்சள் பூசி, மாட்டுக் கொட்டாயில் மூங்கிலில் தொங்கவிட்டார். சுரம் அதற்கப்புறம்தான் வந்தது. பூந்தமல்லி டாக்டரிடம் வண்டி கட்டிப் போனோம், மருந்து கொடுத்தார், வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதெல்லாம் உனக்கு முன்னமே எழுதியாகிவிட்டது.

பங்குனி கடைசியில் தருமகர்த்தா செங்கல்வராயன் வந்தார். தீட்டு வீடு என்று படலுக்கு வெளியிலேயே நின்றார், தண்ணீர்கூட வாங்கவில்லை, அது சரிதான். கூட மேட்டுத் தெரு தங்கவேல். இந்த வருஷம் எந்த நாணைப் பூட்டுவது என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு. தங்கவேல் மில்லு நூலைப் பத்து இழை சேர்த்து முறுக்கிக் கொண்டு வந்திருந்தான், "இத யானை இழுத்தாலும் அறாது மாமா" என்றான். பூந்தமல்லியில் மத்தளம் கட்டுகிறவரிடம் நரம்பு வாங்கலாம் என்று ஒரு பேச்சு. பெரியப்பா திரித்ததைப் பூட்டலாமா, சாவு விழுந்த வீட்டுப் பொருள் அம்மனிடம் போகலாமா என்பதுதான் பெரிய பேச்சு. கடைசியில் பூசாரி அய்யாசாமியைக் கேட்டார்கள். அவர், "மனுசன் உசிரோட விரதம் இருந்து திரிச்சது, கொட்டாய்லதான தொங்குது, பொணம் கெடந்த கூரைக்குக் கீழ இல்லியே, சாவு அத தொடல" என்றார். சரி என்று செங்கல்வராயனும் ஒத்துக்கொண்டார். தங்கவேல்தான் கொட்டாய்க்குள் போய் வாழை இலையில் சுருட்டி எடுத்துப்போனான், நான் தொடக்கூடாது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவர் கை வேலை அம்மனிடம் போகிறது, அதற்கு மேல் என்ன வேண்டும். நான் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

எனக்கு இப்படித்தான் இருக்கிறது, நீ பயப்படாதே. பக்கத்து வீட்டு நாகம்மாள், கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிச்சிட்டியே அக்கா என்கிறாள், மறுநாள்தான் நாக்கு வெந்திருப்பதைப் பார்த்தேன். அவர் போன அன்றைக்கு நான் அழவில்லையாம். என்னவெல்லாமோ செய்தேனாம், ஓடினேனாம், எடுத்துக் கொடுத்தேனாம், சொல்கிறார்கள். எனக்கு அந்த நாளே இல்லை. இருந்தாலும் விளக்கு ஏற்றாமல் இருப்பதில்லை, வெள்ளிக்கிழமை தலை முழுகாமல் இருப்பதில்லை.

கல்யாணத்தன்று நான் போகக்கூடாது என்று வீட்டிலேயே இருந்தேன். பொழுது சாய மேளம் கேட்டது, பிறகு நின்றது. வெகு நேரம் கேட்கவில்லை. நாகம்மாள் வந்து சொன்னாள். ஆனந்தன்தான் இந்த வருஷம் அர்ச்சுனன். கண்ணியை மேல் வெட்டில் மாட்டிவிட்டு, வில்லை முழங்காலில் வைத்து வளைத்து, வாலைக் கீழே கொண்டுவந்தால் எட்டவில்லையாம். மூன்று சுற்று வர வேண்டிய வால் ஒரு சுற்றுக்கே போதவில்லை, ஒரு சாண் குறைகிறது, நுனியில் நூல் கட்டும் இல்லை, பிரிந்து கிடக்கிறது. தங்கவேலும் இன்னொருத்தனும் வில்லின் மேல் ஏறி நின்று அமுக்கினார்களாம், கிரீடம் சரிந்து சாயம் வழிய ஆனந்தன், "டேய், அம்மனுக்குத் தாலி கட்றதுக்குள்ள எனக்குப் பாடை கட்டிடுவீங்க போல கீதே" என்றதும் பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்களாம். தங்கவேல் சும்மா இருப்பானா, "பெரியவரு கடைசில கைய சுருக்கிகினாருப்பா" என்றானாம். அதற்கும் சிரிப்பு. எப்படியோ பூட்டிவிட்டார்கள், மூங்கில் நடுவில் கீறல் விட்டது, அம்பு மீனின் வாலை உரசிக்கொண்டு போயிற்று, பட்டது பட்டதுதான் என்று பூசாரி மேளத்தை அடிக்கச் சொல்லித் தாலியைக் கட்டிவிட்டார்.

மறுநாள் கோயிலில் கூடிப் பேசியிருக்கிறார்கள். செங்கல்வராயன், "அந்த மனுசன் கையளவு ஒரு நாளும் தப்புனதில்ல, தப்பிச்சின்னா அம்மனே இந்த ஊட்டுக்கிட்ட போதும்னுட்டா" என்று சொல்லி, அடுத்த வருஷத்திலிருந்து நாண் முறை தங்கவேல் வீட்டுக்கு என்று முடிவு செய்துவிட்டார். நாகம்மாளிடம் குங்குமம் வேண்டாம் என்று விபூதி மட்டும் கொடுத்தனுப்பி இதையும் சொல்லியனுப்பினார். நான் சரி என்றேன். நாகம்மாள்தான் என் வாசலில் உட்கார்ந்து அழுதாள். "மாமா கண்ண மூடிகினு திரிச்சாலும் அளவு தப்பாதே அக்கா, சுரம் உள்ளயே இருந்திச்சோ இன்னாவோ" என்றாள். இருந்திருக்கும். ஊரில் இப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கடைசி நாணில் கிழவர் தப்பிவிட்டார் என்று. வாய்க்கால் ஓரம் போனால் காதில் விழுகிறது. நீ சின்ன வயதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், அவர் அளவு தப்பி நீ பார்த்திருக்கிறாயா என்று மட்டும் எழுது. செங்கல்வராயனுக்குக் கோபமாக ஒன்றும் எழுதிவிடாதே, அம்மன் முன்னால் பேசி முடித்ததை நாம் மறுத்துப் பேசக்கூடாது.

ரங்கூனில் மழை பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், ஈரத் துணியோடு ஆலைக்குப் போகாதே. வரலட்சுமி மாசமாக இருக்கிற நேரத்தில் அன்னாசி தின்னக் கூடாது, அங்கே அது மலிவாம், ஆசைப்பட்டாலும் வாங்கிக் கொடுக்காதே. அமாவாசைக்குப் பெரியப்பாவை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைக்க மறக்காதே. உங்கள் இரண்டு பேருக்கும் நோய் நொடி அண்டாமல், பிறக்கிற பிள்ளை நல்லபடியாகப் பிறந்து வளர அம்மன் துணை இருப்பாள்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த பெரியம்மா
தாட்சாயிணி

இதை மடித்துவிட்டு, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போன இடத்தில் ஞாபகம் வந்தது எத்திராஜு. அன்றைக்கு அவருக்கு உயிர் அடங்கினதும் நானும் நாகம்மாளும்தான் இருந்தோம். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும், ஒரு கயிறு கொண்டா அக்கா என்றாள். நான் கொட்டாய்க்கு ஓடி, மூங்கிலில் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றின் நுனியில் ஒரு சாண் அரிவாளால் அறுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். மஞ்சள் பூசின கயிறு.