நீங்கள் மன்னித்த ஆள்

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை.

ஹெப்சியின் அப்பாவுக்கு, கர்த்தருக்குள் தேவசுந்தரி எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். 'அன்பான' என்று தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

போனில் நான் குரலை உயர்த்தினால், "சமாதானமா பேசு சுந்தரி, ஜெபிச்சிட்டு அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒடிசாவில் ஊழியம் நன்றாக நடப்பதாகச் சபை குரூப்பில் படம் பார்த்தேன். உங்கள் சட்டை வெள்ளையாக இருக்கிறது. யாரோ துவைத்துப் போடுகிறார்கள் போலிருக்கிறது. நல்லது.

ஹெப்சிக்குப் போன மாதமே கட்டுப் பிரித்தாயிற்று. காலுக்குள் பிளேட் இருக்கிறது. முழங்கால் பாதிதான் மடங்குகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரக்கோணத்துக்குப் பயிற்சிக்குக் கூட்டி வரச் சொன்னார் டாக்டர். ரயில் படியில் அவளால் ஏற முடியாது. பதினான்கு வயதுப் பெண்ணை நான் எப்படித் தூக்குவேன்?

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், ஆட்டோவைப் பார்க்காமல் பின்னால் எடுத்து அவள் காலில் ஏற்றினான் அந்த முருகவேல். நீங்கள் அவனை மன்னித்தீர்கள். வழக்கு வேண்டாம் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தீர்கள். ஞாயிறு ஆராதனையில் அவனை முன்னால் கூப்பிட்டுக் கட்டிப் பிடித்து, பரிசுத்தத்தில் வளரக் கர்த்தர் கிருபை தந்தார் என்று சாட்சி சொன்னீர்கள். சபையே அழுததாம். அந்த நேரத்தில் நான் வீட்டில் ஹெப்சியைப் புரட்டிப் படுக்க வைத்து, ஈரத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவளைக் கேட்டீர்களா? அதன்பிறகு நீங்கள் ஒடிசாவுக்குக் கிளம்பியபோது, மூத்திர நாற்றத்துக்குப் பயந்துதான் ஊழியத்துக்கு ஓடுகிறீர்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

போன மாதம் முருகவேல் சாத்துக்குடிப் பையோடு வாசலில் வந்து நின்றான். கதவைச் சாத்தப் போனேன். உள்ளேயிருந்து ஹெப்சி, "வுடும்மா, வரட்டும்" என்றாள். வந்தவன் அவள் காலைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "சார் கட்டிப் புடிச்சாருங்க. சரி, எல்லாம் முடிஞ்சிபோச்சின்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன். பாப்பாவை வந்து பாக்கணும்னு தோணவே இல்ல" என்றான்.

உங்கள் மகள் அழவில்லை, கத்தவுமில்லை. "எங்க நைனா மன்னிச்சாரு. நான் இன்னும் மன்னிக்கலண்ணா. காலை மடக்கறப்பல்லாம் உங்க மேல கோவம் கோவமா வருது" என்றாள். அவன் "ஆங்" என்றான். பையைத் தரையில் வைத்துவிட்டு, "நான் இன்னா பண்ணட்டும், சொல்லும்மா" என்று கேட்டான். "அரக்கோணம் கூட்டினு போங்க" என்றாள்.

காலை நசுக்கிய அதே ஆட்டோவிலா என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அனுராதா ஓடி வந்தாள். ஹெப்சி என்னைப் பார்த்து, "எனக்கு நடக்கணும்மா" என்றாள்.

அன்றிலிருந்து அவன்தான் கூட்டிப் போகிறான். வேகத்தடை வந்தால் நிறுத்தி, "புடிச்சிக்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றுகிறான். நான் பின்னால் உட்கார்ந்து, அவன் பிடரியைப் பார்த்துச் சபித்துக்கொண்டே போகிறேன். ஜெபம் வரவில்லை. கர்த்தரிடம் அதை மறைக்கவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை பயிற்சியில் காலை அழுத்தி மடக்கினார்கள். அவள் போட்ட அலறலில் நான் சுவரைப் பிடித்து நின்றுவிட்டேன். வெளியே இருந்த முருகவேல் ஓடி வந்து அவளிடம் கையை நீட்டினான். அவள் அதைப் பிடித்து, நகம் புதைய அழுத்தி, கடைசியில் கடித்தே விட்டாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "கடிம்மா, நல்லா கடி" என்றான்.

வீட்டு வாசலில் அவன் கையில் ரத்தம் உறைந்திருந்ததைப் பார்த்தேன். பஞ்சும் டெட்டாலும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். "கழுவிட்டு, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அதையும் கோபமாகத்தான் சொன்னேன்.

இதைச் சாட்சியாக எங்கேயும் சொல்லிவிடாதீர்கள். நான் அவனை மன்னிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கழிவறைக்குப் போகும்போது சறுக்கினாள், அவன் மேல் எனக்குப் பழைய ஆத்திரம் அப்படியே வந்தது. நேற்றுக் காலை ஆட்டோவில் ஏறுவதற்கு முன், இவனைச் சபிக்காமல் அரக்கோணம் வரைக்குமாவது போகவிடும் ஆண்டவரே என்று கேட்டேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே தோற்றேன். நாளைக்கு மறுபடியும் கேட்பேன். பரிசுத்தத்தில் வளர்வது என்று நீங்கள் மேடையில் சொல்வது இதுதானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

அடுத்த வாரம் மயக்க மருந்து கொடுத்து முழங்காலை மடக்கப் போகிறார்கள். அப்பா வருவாரா என்று நர்ஸ் கேட்டதற்கு, "அம்மா இருந்தா போதும்" என்று ஹெப்சி சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வாருங்கள். ஊழியம் முடியட்டும் என்று சொல்லாமல் வாருங்கள். வசனம் எதுவும் சொல்ல வேண்டாம், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். மயக்கம் தெளிந்ததும் வலி தாங்காமல் அவள் ஒரு கையைத் தேடுவாள். அது உங்கள் கையாக இருக்கட்டும்.

கர்த்தர் உங்களை நம் வீட்டு வாசல் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவருவாராக.

தேவசுந்தரி