மழைக்குப் பின்னால் இருக்கும் மழை

நீ இல்லாத உன் வீட்டுக்கு இன்று வந்தேன். வரும் வழியில் காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடிக்க நின்றபோது, ரோட்டோரம் காயப் போட்டிருந்த புளியின் வாசனை மூக்கில் ஏறியது. லீவு முடிந்து நீ விமானப்படைத் தளத்துக்குத் திரும்பும்போதெல்லாம் உன் டிரங்குப் பெட்டியிலிருந்து கிளம்பி நம் அறையை நிறைத்த அதே வாசனை. சரி, உன்னை நினைத்துக் கொஞ்சம் கண் கலங்கலாம் என்று உட்கார்ந்தால், அதற்குள் எனக்குக் கோபம் வரும்படி ஒன்று நடந்துவிட்டது.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் கைபேசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து குரல் கொடுத்தார். "ஆலங்காயம் பக்கம் செவப்பா வந்துட்ச்சி. புளிய வாரிக்கங்கம்மா, கொஞ்ச நேரத்துல இங்க வந்துரும்."

எதிரே இருந்த பெண்கள் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புளியைப் பாயோடு வாரிச் சுருட்டி உள்ளே போட்டார்கள். சொன்னபடியே மழை வந்தது. நான் அந்தக் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். மழை ரேடார் படம். பச்சை, மஞ்சள், சிவப்பு. உன் மலைமேல் ஒரு சிவப்புத் திட்டு. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொன்று.

"பின்னாடி வர்றதுதான் சார் பெருசு," என்றார் அவர், வடையை எடுத்து அடுக்கிக்கொண்டே.

பின்னால் வருவது அவருக்குத் தெரிகிறது. அன்று விமானத்தில் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் போன உனக்குத் தெரியவில்லை. இதே காவலூரில் பெரிய தொலைநோக்கியை வைத்து எங்கோ இருக்கிற நட்சத்திரத்தையெல்லாம் பார்க்கிறார்கள். நமக்குக் கூப்பிடு தூரத்து மேகமே தெரியாமல் போயிற்று. டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் அதையும் எடுத்துக் குடித்திருப்பாய்.

நீ ஃபிளைட் இன்ஜினியர், விமானிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து இன்ஜின்களைக் கவனிப்பவன். நான் தரையில் அந்த விமானங்களின் ரேடாரைப் பழுது பார்ப்பவன். இந்தியும் பஞ்சாபியும் முழங்கிய அந்தத் தளத்தில் "இன்னா" என்று கேட்கிற குரல்கள் நம் இரண்டு மட்டும்தான். நான் கலசப்பாக்கம், நீ மலை. அந்த ஒரு சொல்லுக்காகவே முதல் நாளே மச்சான் ஆகிவிட்டோம்.

நம் போக்குவரத்து விமானங்களுக்கு நம்மைவிட வயது அதிகம். மூக்குக்குள் இருந்த ரேடார்தான் மழையையும் காட்ட வேண்டும். ஆறு, கரை, மலை என்று வழியையும் காட்ட வேண்டும். திரை கையகலம். பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது என்பதால் அதற்கு ஒரு ரப்பர் மூடி. அதற்குள் முகத்தைப் புதைத்துத்தான் பார்க்க வேண்டும். வழி பார்க்கும் நேவிகேட்டர் இறங்கி வரும்போது கண்களைச் சுற்றி ரப்பரின் அச்சு விழுந்திருக்கும்.

நல்ல ரேடார் பெட்டிகள் கொஞ்சம்தான் இருந்தன. அன்றைக்கு எந்த விமானம் தூரம் போகிறதோ அதற்கு, சும்மா நிற்கிற விமானத்திலிருந்து கழற்றி மாட்டுவோம். ஒரே அட்டிகை தெருவில் நடக்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் இரவல் போய் வருகிற மாதிரி. கழற்றிக் கழற்றியே திருகுகளின் தலை மழுங்கிப்போனது. நீ திரும்பி வந்து குறை சொல்வாய். நான் பெட்டியை இறக்கி மேசையில் வைத்துச் சோதிப்பேன். சரியாக இருக்கும். 'தரையில் சோதித்தோம், குறை இல்லை' என்று சொல்லி மறுபடி மாட்டுவோம். அதுதான் அங்கே வழக்கம். எந்தக் குறைக்கும் அதே பதில்தான்.

"உன் பொட்டி தரையிலதான்டா நல்லா பறக்குது," என்பாய்.

நான் மட்டும் என்ன செய்வேன்? மேலே குளிரிலும் குலுக்கலிலும் அது செய்கிற கோளாறைக் கீழே கொட்டகை நிழலில் எப்படிப் பிடிப்பது? கேட்டால், "புதுசு வருகிறது, அதுவரை சமாளியுங்கள்" என்பார்கள். சமாளி என்ற சொல்லை எந்தப் பாவி கண்டுபிடித்தானோ.

அந்த மழைக்கால மதியத்தைப் பற்றி நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "முன்னாடி ஒரு பட்ட மழ மச்சான், அவ்ளோதான். அதுக்குப் பின்னால சுத்தமா கருப்பு, காலி. பைலட்டு, நேவிகேட்டரு, நானு, மூணு பேரும் மாத்தி மாத்தி மூஞ்ச வெச்சிப் பாத்தோம். அந்தப் பட்டய தாண்டிட்டா வெளிய வந்துர்லாம், போலாம் சார்னு நானுந்தான் சொன்னேன்."

அது காலியாக இல்லை. முன்னால் இருந்த கனத்த மழையே ரேடார் அலையைக் குடித்துவிட்டது. பின்னால் போக அலை மிச்சம் இல்லை, அதனால் திரும்பி வரவும் ஒன்றும் இல்லை. மழை இல்லாத இடமும் திரையில் கருப்பு, பார்க்க முடியாத இடமும் கருப்பு. பயிற்சியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் ஆகாயம் கொதித்துக்கொண்டிருக்கும்போது தூரத்தில் ஒரு கருப்பைக் கண்டால், படித்தவனும் அதை வெட்டவெளி என்றுதான் நம்புவான்.

கருப்புக்குள் இருந்தது ஆலங்கட்டி. விமானம் இறங்கியபோது மூக்கு முழுக்க ஆலங்கட்டி அடித்த சொட்டை. லீவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சிப்பாய்க்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. எல்லோரும் உயிரோடு வந்தீர்கள், அதுவரை சரி. உனக்கு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன். பிறகு போய்ப் பெட்டியை இறக்கிச் சோதித்தேன். குறை இல்லை. உண்மையிலேயே இல்லை, அந்தப் பெட்டியால் முடிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு புது ரேடாருக்கு அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். மூக்கை அளந்தார்கள், படம் பிடித்தார்கள், சமோசா சாப்பிட்டார்கள். "பஜ்ஜி சொஜ்ஜி துன்னுட்டு, ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்ன்ற மாப்ள வூட்டுக்காரனுங்க மாதிரியே போறானுங்க பாரு," என்றாய். லெட்டர் வரவில்லை. அடுத்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், அவர்களும் போனார்கள். நாம் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தோம். அந்த ரேடாருக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

உன் மகள் தேன்மொழி விமானியானபோது மலை முழுக்க மிட்டாய் கொடுத்தாய். அவளுக்குக் கிடைத்தது எந்த விமானம் என்று தெரிந்ததும் உன் முகம் செத்துப்போயிற்று. நீ பறந்த அதே விமானங்கள், அதே மூக்கு. அன்றிலிருந்து உனக்கு வேறு பேச்சே இல்லை. சாமை அறுப்புக்கு நடுவில் போன் பண்ணி, "பாப்பா ப்ளேனுக்குப் புதுசு வந்துட்ச்சாடா, விசாரிச்சியா?" என்பாய். முன்னாள் படைவீரர் கூட்டத்தில் பேச வந்த அதிகாரியிடமும் எழுந்து நின்று கேட்டாய். வந்துகொண்டே இருக்கிறது என்றார் அவர். "எப்டி சார் வர்து, நடந்தா?" என்றாய். கூட்டம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதே கேள்விதான். உன் வீட்டுக்காரம்மா என்னை வெளியே அழைத்துப் போய், "வந்துட்ச்சின்னு சொல்லிடுங்கண்ணா, நிம்மதியா தூங்கட்டும்," என்று அழுதாள். சொல்லத்தான் உள்ளே வந்தேன். வாயைத் திறக்குமுன் நீ அடுத்து என்னென்ன கேட்பாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரை எவ்வளவு பெரிசு, ஆண்டெனா எப்படி, மூக்கை மாற்றினார்களா. உன்னிடம் பொய் சொல்லிவிட்டு யார் தப்பிப்பது? "இன்னும் இல்லடா," என்றேன். "இன்னாத்த புடுங்கறானுங்க," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். என்னிடம் நீ பேசியதில் அதுதான் கடைசி. உன்னைப் பற்றிப் பெரிதாக ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எதைச் சொல்வது, இதையா?

இன்று உனக்குப் படையல். தேன்மொழி லீவு போட்டு வந்திருந்தாள். சாப்பிட்ட பிறகும் மழை விடவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "புதுசு வந்துட்ச்சி மாமா," என்றாள்.

ஒரு விமானத்தில் மாட்டியிருக்கிறார்களாம். இவளும் அதில் பறந்து பார்த்தாளாம். "எல்லாம் கலர்ல தெரியுது மாமா. மழ அலைய குடிச்சிட்டா அதுக்குப் பின்னாடி கருப்பா வுட்றதில்ல. தனியா ஒரு கலர் போட்டு, இந்த எடத்துல எனக்குத் தெரியலன்னு காட்டுது."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ரேடார். நீ கேட்டது அவ்வளவுதானே. மாட்ட எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மாட்டி, சோதித்து, பறக்கவும் விட்டுவிட்டார்களாம். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பருவத்தில் முடிகிற வேலைக்காகவா நாம் இரண்டு பேரும் தலை நரைக்கும்வரை காத்திருந்தோம்? நடக்கவே முடியாத காரியம் போலிருக்கிறது என்று நினைத்து இத்தனை நாள் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். இனி அதற்கும் வழியில்லை.

"மத்ததுக்கெல்லாம் எப்ப?"

"வரிசையா பண்றாங்க மாமா. அடுத்த வருசம்னு சொல்றாங்க."

"நீ எதுல போற?"

"அன்னிக்கி எது ரெடியா இருக்கோ அதுல. இப்ப லீவு முடிஞ்சி போனதும் பழசுலதான் போட்டிருக்காங்க."

அடுப்படியிலிருந்து உன் வீட்டுக்காரம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி குரலைத் தாழ்த்தினாள். "பழைய பொட்டி எங்கெங்க ஏமாத்தும்னு முழுசா சொல்லுங்க மாமா. அத கழட்டிப் பாத்தவங்க இப்ப அங்க யாருமில்ல. இருந்தவங்களும் புதுசுக்கு ட்ரெய்னிங் போய்ட்டாங்க."

சொன்னேன். கருப்பைக் கண்டால் உடனே நம்பாதே. ஆண்டெனாவைக் கீழே சாய்த்துப் பார். மழைக்குப் பின்னால் தரை தெரிந்தால் வழி இருக்கிறது. தரையும் தெரியாவிட்டால் திரும்பிவிடு. பெட்டி சூடேறினால் திரை மங்கும், மழை குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. தன்மேல்தான் கோபம் என்று அவள் நினைத்திருப்பாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். இடையில் மறித்து, உன்னை மாதிரியே குறுக்குக் கேள்வியும் கேட்டாள்.

ஓய்வு பெற்றதும் அந்தப் பெட்டியைத் தலைமுழுக நினைத்தவன் நான். இப்போதெல்லாம் பேரப் பிள்ளைகளின் பெயரே சில நேரம் தடுமாறுகிறது. அந்தப் பெட்டியின் ஏமாற்று ஒன்றுகூட மறக்கவில்லை. இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை, எரிச்சல்தான். எனக்குத் தெரிந்த இதெல்லாம் உன் மகளுக்கு ஒன்றுக்கும் உதவாமல் போகிற நாள் வர வேண்டும். அதுவரை நான் மறக்கவும் முடியாது, மச்சான், உன்னிடம் வரவும் முடியாது.