தாலுகாவுக்கு ஒரு லேடி டாக்டர்

ஜூலை 8, புதன்
காலையிலிருந்து சாரல். குடைக் கம்பி ஒடிந்தது, மாற்ற வேண்டும்.
சென்னையிலிருந்து கவர். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் லேடி டாக்டர் வேண்டும் என்று சட்டசபையில் நான் கொண்டுவந்த தீர்மானம் பற்றி. "பரிசீலனையில் உள்ளது." மறுபடியும்! ஏகமனதாக நிறைவேற்றி மேஜையைத் தட்டினார்கள். தட்டியதோடு சரி. எம்.எல்.ஏ. ஆகி என்னத்தைக் கண்டேன்.
மகள் செல்லம்மா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம். போன தடவை, ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று அவள் மாமியார் கதவைச் சாத்திவிட்டாள். பிள்ளை தங்கவில்லை.

ஜூலை 9, வியாழன்
சுகாதார மந்திரி குற்றாலத்தில், குளிப்பதற்காக. மனு வாங்க மாட்டாராம். நல்லது, நானும் குளிக்கத்தான் போகிறேன்.

ஜூலை 10, வெள்ளி
அருவியில் நல்ல தண்ணீர். மந்திரி கோவணத்தோடு கல்லில், உடம்பெல்லாம் எண்ணெய். பக்கத்துக் கல்லில் நான். எண்ணெய் ஊறுகிறவரை மனுஷன் எழுந்து போக முடியாது. சென்னையில் இப்படிக் கிடைப்பாரா?
"இங்கயுமா அண்ணாச்சி?"
"தீர்மானம் என்னாச்சுன்னு கேக்குதேன், அவ்வளவுதான்."
எண்ணெய் தேய்க்கிறவர்: "பேசாதீய அய்யா, வாயில போயிரும்."
கடைசியில் மந்திரி: "எல்லா ஊருக்கும் இப்ப முடியாது. உங்க ஊருக்கு மட்டும் ஒருத்தரை அனுப்புறேன். நீங்க சபையில கேள்வி கேட்கிறதை விட்டுடணும்."
மகளைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. பதிலும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அருவிக்குள் போய்விட்டார்.

ஜூலை 11, சனி
மனைவி: "பேசாம இருங்க. ஊருக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பா? முதல்ல நம்ம பிள்ள பொழைக்கட்டும்."
அவள் சொல்வதும் நியாயம்தான். குடை இன்னும் மாற்றவில்லை.

ஜூலை 20, திங்கள்
லேடி டாக்டர் வந்தாயிற்று. கண்டிப்பான அம்மாள். செல்லம்மாவைப் பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். "பயப்படாத, நான் இருக்கேன்லா" என்றார். மகள் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று! மந்திரிக்கு நன்றி எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

ஜூலை 21, செவ்வாய்
பக்கத்துத் தாலுகாவிலிருந்து வில்வண்டியில் ஒரு பெண், இடுப்புவலியோடு. இங்கே டாக்டரம்மா இருப்பதைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். தாமதமாகிவிட்டது. தாய் பிழைத்தாள், பிள்ளை போயிற்று.
ஆஸ்பத்திரி வாசலில் அவள் புருஷன் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, நீங்க போட்ட தீர்மானம் எங்க ஊருக்கும் சேத்துத்தான?"
ஆமாம் என்றேன். வெட்கமாக இருந்தது.

ஜூலை 22, புதன்
அடுத்த கூட்டத்துக்குக் கேள்வி கொடுக்க இன்றே கடைசி. எழுதினேன்: ஒரு தாலுகாவுக்குக் கிடைத்த லேடி டாக்டர் மற்றத் தாலுகாக்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?
ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியாயிற்று. மந்திரி கோபத்தில் இந்த அம்மாளை மாற்றினாலும் மாற்றுவார். செல்லம்மாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பயமாக இருக்கிறது.
வீட்டில் சொல்லவில்லை.