பூபதிராஜா கடையில் தொங்கும் குடை

கல்பாத்தி, பாலக்காடு,
புதன்கிழமை காலை.

மதிப்பும் அன்பும் உள்ள மௌனிகாவின் அப்பாவுக்கு மருதாத்தாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் பிள்ளையும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும், கறவை மாட்டின் சுகத்துக்கும், முக்கியமாக உங்கள் பல்லின் சுகத்துக்கும் மாகாளியாத்தா துணை இருக்கட்டும்.

போனில் சொல்லாமல் இதென்ன கடுதாசி என்பீர்கள். போனில் பிடிக்காத பேச்சு வந்தால், "செரி செரி, மோட்டார் போடோணும்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடுதாசிக்கு நடுவில் மோட்டார் போட முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுதான் வந்தேன். காய்ச்சல் போய்விட்டது, நான்தான் இன்னும் போகவில்லை. அவள் ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால் அந்த மாடி அறையில் எனக்கு என்ன வேலை? மாடா, கோழியா? அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறேன். இங்கே எல்லாமே நடக்கிற தூரம்தான். ஒரு தெருவில் நுழைந்து, புழை என்று இவர்கள் சொல்கிற ஆற்றங்கரையில் கொஞ்சம் காற்று வாங்கி, அடுத்த தெரு வழியாகத் திரும்பினால் வயிறு நிறைந்துவிடும். அவ்வளவு கடை.

சும்மா தின்றுகொண்டு திரியவில்லை. பூபதிராஜாவைப் பற்றி விசாரிக்கத்தான் போனேன். காகிதத்தைக் கசக்காதீர்கள், மேலே படியுங்கள். சித்திரையில் அவர்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது நீங்கள் என்ன சொல்லி அனுப்பினீர்கள்? "பசிச்சு வந்தவனுக்குச் சோத்தப் போட்டுப்போட்டு காசுக்குக் கை நீட்டற ஊட்டுல என்ற புள்ளையக் குடுக்க மாட்டேன்." பையன் நல்லவனா கெட்டவனா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவனைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று அவள் சொன்னாள். அன்றோடு அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. நீங்கள் என்னிடம் "அவ தின்னாளா" என்கிறீர்கள். அவள் என்னிடம் "அப்பா சாப்டாங்களா" என்கிறாள். நடுவில் நான் என்ன போஸ்ட் ஆபீஸா?

ஒரு கடைக்காரனைப் பற்றி உண்மை தெரியவேண்டுமானால் அவன் சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூடாது, பக்கத்துக் கடைகளில் கேட்கவேண்டும். அங்கேயும் கையில் ஒன்றும் வாங்காமல் கேள்வி கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? ஆகையால் ஒரு கேள்விக்கு ஒரு பலகாரம் என்று போனேன். இப்போது ரவிக்கை இறுக்குகிறது, அதுவும் பிள்ளையின் கல்யாணச் செலவில் சேரட்டும்.

முதலில் பழைய தெருவில் ஊறுகாய் விற்கிற மாமி. மோர் மிளகாய் வற்றல், இங்கே கொண்டாட்டம் என்கிறார்கள், அதைப் பொரித்துக் கையில் கொடுத்தார். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "அந்தப் பிள்ளையாண்டானா? சமத்தாக்கும். பேச்சுதான் சித்தே கம்மி" என்றார். வாயாடி மாப்பிள்ளையை விட அது மேல் என்று நினைத்துக்கொண்டு கால் கிலோ வாங்கினேன்.

அடுத்தது மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிற ஷீனா. அவள் போடுகிற பழம்பொரி இருக்கிறதே, வெளியே மொறுமொறு, உள்ளே பழம் தேனாக உருகும். இரண்டாவது பழம்பொரிக்குத்தான் கேட்டேன். அவளுக்கு இவன் போட்டிக் கடைதானே, கட்டாயம் ஏதாவது குறை சொல்வாள் என்று பார்த்தால், "நம்ம கேஸ் தீர்ந்தப்போ அவன் சிலிண்டர் கொண்டு தந்து, சேச்சி. நல்ல பையனாணு" என்கிறாள். சேவை பிழிந்து விற்கிற ஒரு பெரியவர் மட்டும் சாம்பார் தண்ணீர் என்றார். அவருக்கு அவரே விற்கிற எலுமிச்சைச் சேவையைத் தவிர வேறெதுவும் பிடிக்காதாம், ஷீனா பிறகு சொன்னாள்.

சரி, கேட்டது போதும், தின்று பார்த்துவிடுவோம் என்று திங்கட்கிழமை காலையில் அவன் கடைக்கே போனேன். கோயிலுக்குப் போகிறேன் என்று பிள்ளையிடம் பொய் சொன்னேன். அம்மன் மன்னிப்பாள். கடை எங்கள் மாடிக்கு எதிர்ச்சாரியில்தான். மத்தியானத்தில் நம் பக்கத்து அரிசிம்பருப்புச் சோறு போடுகிறானாம், கல்பாத்திக்காரர்களே தூக்கு எடுத்துக்கொண்டு வந்து வாங்குகிறார்களாம். காலையில் இட்லியும் தோசையும். கூட்டமோ கூட்டம், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று தின்கிறார்கள். ஆனால் ஜன்னலோரத்தில் ஒரு பெஞ்சு மட்டும் காலி. விடுவேனா? உட்காரப் போனேன். கல்லாவில் இருந்த பூபதிராஜாவே ஓடி வந்து, "அது ஒருத்தருக்குன்னு வெச்சிருக்கறதுங்கம்மா" என்றான். எனக்குச் சுர்ரென்றது. அப்படி எந்த மகாராஜாவுக்கு என்று கேட்க நிமிர்ந்தேன். பெஞ்சுக்கு மேலே ஆணியில் ஒரு குடை தொங்கியது.

கைப்பிடி உடைந்து, என் கிளிப்பச்சைச் சேலையின் கரையைச் சுற்றி நானே தைத்துக் கொடுத்த குடை. பஸ்ஸில் தொலைந்துபோனதாக நீங்கள் சொன்ன குடை.

யாருடையது என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். "மௌனிகா அப்பாவோடதுங்க" என்றான். என்னையும் அடையாளம் தெரிந்திருக்கிறது, பிள்ளை போட்டோ காட்டியிருக்கிறாள். திங்கட்கிழமை தவறாமல் வருகிறீர்களாம். நெய் ரோஸ்ட்டாம். ஏனுங்க, நீங்கள் திங்கட்கிழமை திங்கட்கிழமை பாலக்காட்டுக்குப் பல் வைத்தியத்துக்குத்தானே போனீர்கள்? எந்த ஊர் வைத்தியர் நெய் ரோஸ்ட் எழுதிக் கொடுக்கிறார்? வீட்டில் எனக்கு மட்டும் கஞ்சி வை, களி கிண்டு என்று உத்தரவு!

இன்னும் கேளுங்கள். "தண்ணிக் காயா வாங்கிச் சட்னி அரைக்கற, உனக்கு வெக்கமா இல்ல?" என்று அவனைத் திட்டிவிட்டு அடுத்த வாரமே நம் தோப்புத் தேங்காயைப் பையில் கொண்டுவந்து கொடுத்தீர்களாமே. காய் குறைகிறதே என்று நான் சொன்னபோது பக்கத்துத் தோட்டத்து ஆளைப் போய்ச் சண்டை பிடித்தீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேட்டிருக்கிறேன், தேங்காயைச் சட்னியில் மறைத்தவர் நீங்கள்தான்.

அவனுக்கு முதல் நாளே நீங்கள் யாரென்று தெரியுமாம். தெரிந்தும் காசு வாங்கினாயா என்று கேட்டேன். "வேண்டாம்னு சொன்னா அப்பறம் வரமாட்டாங்களேங்க" என்றான். பிள்ளையிடமும் சொல்லவில்லையாம். நீங்களே சொல்லாததை அவன் சொல்வது முறையில்லையாம். பேச்சுக் கம்மி என்று மாமி சொன்னது எவ்வளவு நிஜம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊருக்கு வந்ததும் உங்களை உரித்து உப்புத் தடவுவது என்று முடிவு செய்துகொண்டு, "அவருக்கு வெச்சா என்ன, எனக்கு வெச்சா என்ன" என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நானும் ஒரு நெய் ரோஸ்ட் சொன்னேன். சட்னி நாக்கில் பட்டதும் நம் வீட்டு ருசி. தின்றுகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நேர் எதிரே எங்கள் மாடிப்படி. கொஞ்ச நேரத்தில் மௌனிகா பையை மாட்டிக்கொண்டு, டிபன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். படியில் நின்று வானத்தைப் பார்த்தாள். துப்பட்டாவைச் சரி செய்தாள். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். திருப்பம் வரைக்கும் தெரிந்தாள்.

பையன் மெதுவாகச் சொன்னான்: "அந்த நேரத்துக்கு அந்தப் பெஞ்சுல வேற ஆரையும் உக்கார உடறதில்லீங்க."

பாதித் தோசையோடு தட்டைத் தள்ளி வைத்தேன். உங்களைத் திட்டவும் தோன்றவில்லை. இத்தனை மாதமாக இப்படி ஒளிந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் "அவ தின்னாளா" என்று கேட்டீர்களே. நான் இங்கே வந்துவிட்டதால் இந்தத் திங்கட்கிழமை வரப் பயந்து நின்றுவிட்டீர்கள் போலிருக்கிறது. அவன் பெஞ்சைக் காலியாக வைத்துக்கொண்டு உங்களுக்காகத்தான் காத்திருந்தான்.

என்னிடம் அவன் தோசைக்குக் காசு வாங்கினான். எவ்வளவு என்று கேட்டுத்தான் கொடுத்தேன், சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். விசாரிப்பு முடிந்தது. எனக்குச் சம்மதம். இனி உங்கள் பாடு.

குடையை எடுத்துத் தரட்டுங்களா என்று கேட்டான். வேண்டாம் கண்ணு, வைத்தவரே வந்து எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டேன். பிள்ளையிடம் நானும் இதுவரைக்கும் மூச்சு விடவில்லை.

வருகிற திங்கட்கிழமை பல் வைத்தியத்துக்கு வாருங்கள். தேங்காயை ஒளிக்காமல் சாக்கிலேயே கொண்டுவாருங்கள். வயிறாரச் சாப்பிட்டுக் காசைக் கொடுங்கள். பிறகு ரோட்டைத் தாண்டி, அவள் இறங்குவதற்கு முன்னால் அந்தப் படியில் ஏறுங்கள். கதவைத் திறந்ததும் அவள், "அப்பா, சாப்டீங்களா?" என்றுதான் கேட்பாள், வேறு எதுவும் கேட்கத் தெரியாது அவளுக்கு. சாப்பிட்டேன் அம்முணி என்று சொல்லுங்கள். எங்கே சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பல்வலி அன்றோடு தீரவேண்டும் என்று ஆத்தாளை வேண்டிக்கொள்ளும்,
மருதாத்தாள்.